பெரட்டு கலையவில்லை

முருகன் துணை

ஊசிப்பாறைத் தோட்டம், மேல் லயம்,
லிந்துலை.
தை 20, 1958.

மீனம்மாவுக்கு உன் புருஷன் சோலைமலை எழுதிக்கொண்டது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஊரில் மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறதா? முசிறி வைத்தியர் மருந்தை நிறுத்தாமல் கொடு.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். கீழே பணிய லயத்து வீடுகள் ஆற்றோரம் இருந்தன, அடித்துப் போனது சரி, மேல் லயத்தில் இருந்த என் பிள்ளை வடிவு எப்படி வெள்ளத்தில் போனாள் என்று. அதற்குப் பதில் வராமல் கப்பல் ஏற மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். இங்கே ஒருத்தரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், அதனால் கேட்கவில்லை. உனக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

மார்கழி ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பதினோரு நாள் விடாத மழை. மத்தியானம் மாட்டுக்குப் புல்லறுக்க அணைப் பக்கம் போனேன். தேயிலை அரைக்கிற ஸ்டோர் மிசினைச் சுற்ற வைக்க அந்தக் காலத்து துரை கட்டிய அணை அது. ஐப்பசியிலேயே அடியில் கசிகிறது என்று தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் சொன்னேன். மழை விடட்டும் பார்ப்போம் என்றார். அன்றைக்குப் பார்த்தால் கரையின் அடியில் ஆள் தொடை மொத்தத்துக்குச் செந்தண்ணீர் பீய்ச்சுகிறது. பணிய லயத்தில் நாற்பது பேர் படுத்துக் கிடக்கிறார்கள். கத்தினால் யாருக்குக் கேட்கும் அந்த மழையில்?

ஸ்டோருக்கு ஓடினேன். மழைக்காலத்தில் தோல் தொய்ந்து போகாமல் இருக்கத் தப்பை அடுப்படியில்தானே மாட்டி வைப்பேன். எடுத்துக்கொண்டு, தினமும் நான் நின்று அடிக்கிற பாறை மேல் ஏறி அடித்தேன். எந்த அடி அடித்தேன் தெரியுமா? விடியற்காலையில் ஆட்களை வேலைக்கு வரிசையில் நிற்கக் கூப்பிடுகிற பெரட்டு அடி. சாவுக்கு ஓர் அடி உண்டு, காமன் கூத்துக்கு ஓர் அடி உண்டு. வெள்ளம் வருகிறது, ஓடு என்று சொல்ல என்ன அடி இருக்கிறது, நீயே சொல். காய்ச்சல்காரனும் எழுந்து வெளியே வருகிற ஒரே சத்தம் பெரட்டுத் தப்புத்தான் என்று என் புத்தியில் பட்டது. பாழாய்ப் போன புத்தி!

வந்தார்கள் மீனம்மா. பெரட்டுத் தப்புக் கேட்டால் எங்கே வருவார்கள்? பெரட்டுக் களத்துக்குத்தான். களம் எங்கே இருந்தது? அணைக்கு நேர் கீழே, ஆற்றங்கரையில். பணிய லயத்துக்காரர்கள் வாசலுக்கு வந்ததும் ஆற்றைப் பார்த்தார்கள், மேலே ஓடிப் பிழைத்தார்கள். மேல் லயத்துக்காரர்களுக்குப் பனியில் ஆறு தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தப்பு அடிக்கிறதே, என்ன அவசரமோ என்று தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கிக் களத்தில் வரிசையாக நின்றார்கள். நான் தப்பை நிறுத்திவிட்டுக் குச்சியை ஆட்டி, மேல போங்க, மேல போங்க என்று கத்தினேன். சீக்கிரம் வா என்று கூப்பிடுகிறேன் என்று நினைத்து, பின்னால் வந்தவர்களும் ஓடி வந்தார்கள். அந்த நேரம் பார்த்து அணை உடைந்தது.

வடிவு முதல் ஆளாய் வந்தாளாம். பக்கத்து வீட்டுக் காளியாயி மகள் ஐந்து நாள் கழித்து என்னிடம் சொன்னாள். லீவு நாள்ல என்னா பெரட்டு, நான் வரலைன்னு படுத்துக் கிடந்தேன் மாமா, வடிவுதான் கையைப் பிடிச்சு இழுத்துச்சு, எங்கப்பா சும்மா அடிக்க மாட்டாங்கன்னு சொல்லுச்சு என்றாள். இந்தப் பிள்ளை செருப்பைத் தேடிக்கொண்டு பின்தங்கியதால் பிழைத்தது.

பதினேழு பேர். பதினேழு பேரும் நம் மேல் லயத்துக்காரர்கள். நான் அடிக்காமல் இருந்தால் நம் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்திருப்பாள். இதுதான் உன் கேள்விக்குப் பதில். நாற்பது பேரைக் காப்பாற்றினாய் என்று துரை எல்லார் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிடாதே. நல்லமுத்துக் கங்காணியும் சாட்சி.

தை பிறந்து மறுபடி வேலை தொடங்கினார்கள். புதுக் களம் மேலே கோயில் பக்கம். தப்பு அடிக்கச் சொல்லி துரை உத்தரவு. விடியற்காலை பழைய பாறையில் நின்று அடித்தேன். சனங்கள் மேலே வந்து நின்றார்கள். அப்போது கீழே பழைய களத்தில் இருந்தும் சத்தம் கேட்டது. சேற்றில் வெறுங்கால் வைக்கிற சத்தம், கூடை உரசுகிற சத்தம், குளிரில் செருமுகிற சத்தம். மேலே நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கங்காணி மளமளவென்று வேலை சொல்லி ஆட்களைத் தேயிலை மலைக்கு அனுப்பிவிட்டார். மேலே களம் காலியாகிவிட்டது. கீழே அந்தச் செருமல் மட்டும் நிற்கவில்லை.

பனி விலகியதும் இறங்கிப் பார்த்தேன். சேற்றில் காலடித் தடங்கள். வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை, நின்ற தடம் மட்டும். இரண்டு வரிசை. விரல் எல்லாம் நான் நிற்கிற பாறையைப் பார்த்திருந்தன. எண்ணினேன், பதினேழு பேர். எல்லாருக்கும் இரண்டு பாதம், ஒருத்திக்கு மட்டும் ஒற்றைப் பாதம். கொக்கு மாதிரி ஒத்தக் காலுல நிக்காதடி என்று நீ எத்தனை தடவை அவளைத் திட்டியிருப்பாய். நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன் மீனம்மா.

தை 25.

கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தினமும் தடம் ஆழமாகிக்கொண்டே வந்தது. கங்காணிதான் முதலில் வாய் விட்டார். பெரட்டுக்குக் கூப்பிட்டோம், வந்து நிக்கிறாங்க, வேலை சொல்லி அனுப்புனமா சோல, பெரட்டைக் கலைக்காம அவங்க எப்புடிப் போவாங்க என்றார். மறுநாள் விடிய நான் தப்பு அடித்ததும் இருவரும் பழைய களத்துக்கு இறங்கினோம். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, எப்போதும் போல அதட்டலாகவே கூப்பிட்டார். காளியாயி, ஏழாம் நம்பர் மலை. அழகுமுத்து, கவ்வாத்து. ராக்காயி, ஏழாம் நம்பர். ஒவ்வொரு பெயருக்கும் பனிக்குள் ஒரு கூடை எழும்புகிற சத்தம், கால் நகருகிற சத்தம், பிறகு அமைதி. பதினாறு பேர் போனார்கள்.

பதினேழாவது பெயருக்கு அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒம் புள்ளைக்கு நீயே சொல்லுப்பா என்றார். வாயைத் திறந்தேன். எந்த மலைக்குப் போகச் சொல்வேன்? கங்காணி என் தோளைத் தட்டிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

இப்போது களத்தில் ஒற்றைப் பாதம் ஒன்றுதான்.

உன்னிடம் எதையும் மறைத்ததில்லை, இதையும் மறைக்க மாட்டேன். உனக்கு இனித் தப்பு வேண்டாம், மணி கட்டித் தருகிறேன் என்று துரை சொல்லிவிட்டார். மணியும் வந்து கோயில் மரத்தில் தொங்குகிறது. அதற்கு முன்னாலேயே நான் எழுந்து போய்த் தப்பை அடித்துவிடுகிறேன். அடித்தால்தானே அவள் வருவாள். ஒரு தரம் செருமுவாள், உனக்குத் தெரியுமே, சளி பிடித்த செருமல். அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். இது பாவம் என்று தெரிகிறது. புதைத்து மண் தள்ளிய பிள்ளையைத் தினமும் எழுப்பி நிறுத்துகிறேன். ஆனாலும் விடிந்தால் கை தானாகக் குச்சியை எடுக்கிறது.

நீ திரும்பி வருகிற பெர்மிட் பங்குனி கடைசி வரை செல்லும். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம். ராக்காயி வீடு பூட்டித்தான் கிடக்கிறது, அங்கேயே இருந்துகொள். ஏச வேண்டுமானால் வந்து ஏசு, நான் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். ஒரு விடியற்காலை மட்டும் என்னோடு களத்துக்கு இறங்கு. நான் சொல்லி அவள் வந்தாள். நீ சொன்னால்தான் போவாள். பெற்றவள் நீ, போ கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவிடு.

மாமாவுக்கு என் நமஸ்காரம். தாய் மாரியம்மா உன்னைப் பத்திரமாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்த வருடம் மாசி முடிந்தும் பனி குறையாது என்கிறார்கள். சீக்கிரம் வா மீனம்மா, பிள்ளை குளிரில் நிற்கிறாள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
சோலைமலை