எந்த ஊர் ஒன்பது மணி

மார்ச் 3, செவ்வாய்

எழுந்தேன். பால் காய்ச்சினேன். மருமகள் முன்னறை மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து, காதில் மாட்டிக்கொண்டு, யாரிடமோ "இருக்கேன், கேக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டம்ளரை அவள் கையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். கொட்டிவிட்டால் மெஷின் போய்விடும் என்று என் மகன் சொல்லிச் சொல்லிப் பழக்கிய தூரம் அது. அவன் போய் எட்டு மாதம் ஆகிறது. தூரம் மட்டும் கையில் நிற்கிறது.

இதை எழுதும்போதும் உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, கிள்ளிப் பார்த்தால் யாருடைய கன்னமோ போல — வகுப்பாக இருந்தால் இப்படி ஒரு உதாரணம் சொல்லிப் புரியவைத்திருப்பேன். இப்போது யாருக்குச் சொல்ல?

அவள் இந்த வேலையில் சேர்ந்தது ஜனவரியில். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். மாதக் கடைசியில் தெரியும். நிரந்தரமானால் இங்கேயே இருப்பாள். இல்லையென்றால் அவள் அண்ணன் வீடு. அவன் கடல் தாண்டி இருக்கிறான். ஞாயிறுதோறும் கூப்பிட்டு, "அங்க தனியா என்ன பண்றே, வந்துடு" என்கிறான். அவள், "வேலை ஒண்ணு இருக்குல்லண்ணா, பாக்கலாம்" என்கிறாள். நான் அடுக்களையில் பாத்திரத்தை நகர்த்துகிறேன். இரு என்று சொல்ல நான் யார்? அவளை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தவனே இல்லை.

மார்ச் 5, வியாழன்

மின்சாரம் போய்விட்டது. அவளுக்கு வேலை ஓடவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். என்னதான் வேலை செய்கிறாய் என்று முதன்முறையாகக் கேட்டேன்.

பேச்சு திக்குகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிற ஒரு நிறுவனத்தின் இணையதளம். பிள்ளை ஒரு நாட்டில், பயிற்சி டீச்சர் இன்னொரு நாட்டில். இருவரும் குறித்த நேரத்தில் திரைமுன் வந்து உட்கார வேண்டும். அந்த நேரத்தைக் குறித்துவைக்கிற பகுதி இவளுடையது.

"நேரம் குறிச்சு வைக்கறதுல என்னம்மா கஷ்டம்?"

"ஒன்பது மணின்னா எந்த ஊர் ஒன்பது மணின்னு கேளுங்க அத்தை. அப்பத் தெரியும்."

எல்லா ஊர் நேரத்தையும் ஒரு பொது நேரத்துக்கு மாற்றி உள்ளே வைத்துக்கொள்வார்களாம். பார்க்கிறவர் எந்த ஊரோ, திரையில் அந்த ஊர் மணியாக மாற்றிக் காட்டுமாம். இதைத்தானே காலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன்! அடி, அங்குலம், கஜம் எது கொடுத்தாலும் முதலில் எல்லாவற்றையும் சென்டிமீட்டராக்கு, கணக்கைப் போடு, கேட்ட அலகில் விடையை எழுது. அவளிடம் சொன்னேன். "அதேதான்" என்றாள்.

பிறந்த தேதியை மட்டும் அப்படி மாற்றவே கூடாதாம். அதில் மணியே கிடையாது. கம்ப்யூட்டர் தானாக நள்ளிரவு என்று ஒரு மணியைச் சேர்த்துக்கொண்டால், மேற்கே இருக்கிறவர் திரையில் பிள்ளை ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிடும்.

"வலியில்லாம நடக்கற பிரசவம் அது ஒண்ணுதான்" என்றேன்.

சிரித்தாள். அவள் சிரித்ததைக் கேட்டேன். அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

நல்ல வெயில். துணி காய்ந்தது. மடித்தேன்.

மார்ச் 9, திங்கள்

காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. மத்தியானம் கேட்டதற்கு, "ஒரு பையன் தலையெல்லாம் வாரி, சட்டை மாத்தி, திரைக்கு முன்னாடி உக்காந்திருந்தானாம் அத்தை. டீச்சர் வரவே இல்லையாம். அவங்க அம்மா எழுதியிருக்காங்க" என்றாள்.

அந்த நாட்டில் வருடா வருடம் இந்த மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பார்கள். நேற்று தள்ளியிருக்க வேண்டும். இந்த வருடம் முதல் வேண்டாம் என்று அவர்கள் அரசு போன மாதம் சொல்லிவிட்டது. ஆனால் தளத்தில் ஜனவரியிலேயே பல பேர் பதிவு செய்துவிட்டார்கள். தள்ளிவைப்பார்கள் என்று எண்ணி, அந்தப் பதிவுகளையெல்லாம் பொது நேரமாக மாற்றி வைத்திருந்தாள் இவள். தள்ளவில்லை. ஆகவே பையன் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது ஒன்பது. டீச்சருக்குக் காட்டியது பையன் ஊர்க் கணக்கில் எட்டு மணி. டீச்சர் வந்து, காத்திருந்து, போய்விட்டார்.

"சர்க்கார் மாத்தினதுக்கு நீ என்னம்மா பண்ணுவே?"

"நான் அவங்க ஒன்பது மணியை அப்படியே வச்சிருக்கணும் அத்தை. ஊர் பேரையும் பக்கத்துல எழுதி வச்சிருக்கணும். நடந்து முடிஞ்சதுன்னா பொது நேரத்துல வைக்கலாம், அது இனி மாறாது. வரப்போறத எப்படி வைக்கறது? அது வாக்கு. எந்த ஊர்ல குடுத்தோமோ அந்த ஊர் கடிகாரத்துக்குத்தான் குடுத்தோம்."

பள்ளிக்கூட மணி மாதிரி. ஒன்பதுக்கு அடிக்கும் என்றால் பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தில் ஒன்பதுக்கு. கடிகாரத்தையே திருத்தி வைத்தாலும் ஒன்பதுக்குத்தான்.

சொல்லவில்லை. அவளுக்கு உதாரணம் கேட்கிற முகம் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

அந்த நாட்டுப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிவிட்டாளாம். "ஒரே வரி புரோகிராம் அத்தை. ஓடிடுச்சு" என்று சப்பாத்திக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். நேற்றிலிருந்து இன்றுதான் நேராக நிற்கிறாள்.

"கருணை மதிப்பெண் போடற மாதிரி" என்றேன். "கேள்வித்தாள்ல ஒரு கேள்வி தப்பா அச்சாகி, எழுதின அத்தனை பேருக்கும் ரெண்டு மார்க் கூட்டினோம் ஒரு தடவை."

"அதேதான் அத்தை. எல்லாருக்கும் தப்புத் தாள் போயிருக்கு, அதனால எல்லாருக்கும் —"

நின்றுவிட்டாள். நான் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"எல்லாருக்கும் போகல" என்றாள்.

அந்த நாட்டு அரசின் முடிவு தெரிந்ததும், எந்த நாட்டில் கடிகாரத்தை எப்போது தள்ளுவார்கள் என்கிற பட்டியலைப் போன மாதக் கடைசியில் அவளே புதுப்பித்திருக்கிறாள். அதற்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு நேரம் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. சரியானதற்கும் ஒரு மணி கூட்டிவிட்டாள். இனி அவர்கள் ஒன்பதுக்கு வந்தால் டீச்சர் பத்துக்கு வருவார்.

கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். மாவு காய்ந்துபோனது.

மார்ச் 11, புதன்

அவளே மேலதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் எந்த வாக்கியத்தையும் "பாருங்க" என்றுதான் தொடங்குவார். ஆகவே எனக்கு அவர் பாருங்க சார். சாதாரணமாக அவர் குரல் இந்த வீட்டில் கேட்காது. இன்று காதில் மாட்டாமல் பேசினாள்.

"பாருங்க, முதல் தப்பை நான் மேல விளக்கிட்டேன். ரெண்டாவது தப்பு யாருக்கும் தெரியாது. இப்ப நீங்களா வந்து சொல்றீங்க."

"இன்னிக்குக் காலைல நாலு பிள்ளைங்க காத்திருந்திருக்காங்க சார்."

"பாருங்க, சரி பண்ணிடுவீங்களா?"

"தேதிய வச்சுப் பிரிச்சுடலாம். நடுவுல நேரத்தை மாத்திக்கிட்டவங்க கொஞ்சம் பேர். அவங்க எந்தப் பக்கம்னு மெஷினுக்குத் தெரியாது. நானே ஒவ்வொருத்தருக்கா எழுதிக் கேக்கறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். பாருங்க என்று சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னாள்.

எனக்குப் பயம் வர வேண்டும். இந்த வேலை போனால் அவள் போவாள். கணக்கு தெளிவாக இருக்கிறது. விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டாகிவிட்டது. வகுப்பில் எல்லோரும் எழுந்து போய்விட்ட மாதிரி உள்ளே ஒரு அமைதி.

மார்ச் 12, வியாழன்

எழுதிக்கொண்டே இருக்கிறாள். நான் வாசல் கூட்டினேன்.

மார்ச் 15, ஞாயிறு

அண்ணன் கூப்பிட்டான். இவள் நடந்ததைச் சொன்னாள். "நல்லதாப் போச்சு, கிளம்பி வா" என்றான். நல்லதாம்.

அவன் ஏதோ படிவத்துக்கு என் மகன் இறந்த தேதி கேட்டானாம். அவள் பதினான்கு என்றாள். நான் அடுக்களையிலிருந்து, "பதினஞ்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

மகன் வேலைக்குப் போன ஊரில் அப்போது பதினான்காம் தேதி சாயங்காலம். நம் வீட்டில் போன் அடித்தபோது விடிந்து பதினைந்து. சான்றிதழில் பதினான்கு. நான் நின்றுகொண்டிருந்தது பதினைந்தில்.

போனை வைத்துவிட்டு அவள் வந்தாள். "கணம் ஒண்ணுதான் அத்தை. அதுக்கு எழுதற தேதிதான் ரெண்டு."

"தெரியும்மா."

தெரியும். கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? ஆனா அவனுக்குப் பதினஞ்சாந் தேதின்னு ஒண்ணு வரவே இல்லையே. நான் மட்டும் எப்படி வந்து சேர்ந்தேன்? எதுக்கு?

போதும். விளக்கை அணைக்கிறேன்.

மார்ச் 18, புதன்

அன்று காத்திருந்த பையனின் அம்மா பதில் போட்டிருக்கிறார். மருமகள் படித்துக்காட்டினாள். "ம" வரிசையில் திக்குகிற பிள்ளையாம். டீச்சர் வராத அன்றிலிருந்து ஒரே வாக்கியத்தைத் தனியாகச் சொல்லிப் பழகினானாம். நேற்று டீச்சர் வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டானாம்: மறுபடி வராம இருந்துடாதீங்க.

திக்காமலா என்று கேட்டேன். "ஒரே ஒரு இடத்துலதானாம்."

அவள் போய் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை பிள்ளைகளைக் கரும்பலகை முன் நிறுத்தி, வாயைத் திறந்து சொல் என்றிருக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

எல்லாம் சரியாகிவிட்டதாம். வரப்போகிற நேரங்களை இனி ஊர் பெயரோடு, ஊர் மணியாகவே வைக்கும்படி அந்தப் பகுதியையே மாற்றி எழுதிவிட்டாள். பாருங்க சார், "பாருங்க, சுத்தமா இருக்கு" என்றாராம்.

மார்ச் 27, வெள்ளி

நிரந்தரம் இல்லை. பயிற்சி நிறுவனம் ஒப்பந்தத்தைக் குறைத்துவிட்டதாம். யாரையாவது நீக்க வேண்டும் என்றால் கடைசியாகச் சேர்ந்தவளைத்தான் நீக்குவார்கள். வேறெங்காவது சேரும்போது விசாரித்தால் நல்லபடியாகச் சொல்கிறேன் என்றாராம் பாருங்க சார்.

மேசையைத் துடைத்தாள். கம்பிகளைச் சுருட்டினாள். முன்னறை பெரிதாகத் தெரிந்தது.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணன் திரையில் வந்தான். டிக்கெட் பார்த்துவிட்டானாம்.

"இப்ப என்ன சாக்கு சொல்லப்போறே? வேலையும் இல்ல. அங்க உனக்கு என்ன இருக்கு?"

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்னைப் பார்த்துவிட்டான். "நீங்களே சொல்லுங்கம்மா. பெரியவங்க நீங்க. நான் சொல்றது தப்பா?"

"தப்பு இல்ல தம்பி."

"கேட்டியா?"

"தப்பு இல்ல. ஆனா அவ —" தொண்டையில் நின்றுவிட்டது. எத்தனை வருஷம் பாடம் எடுத்த தொண்டை. "அவ இங்க இருக்கட்டும். காரணம் கேட்டா என்கிட்ட இல்ல. எனக்கு அவ இருக்கணும். அதான் கேக்கறேன்."

திரையில் அவன் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை. "சரிம்மா. அவ என்ன சொல்றான்னு பாருங்க" என்றான்.

அணைத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். கோபம்தான் அது.

"இதக் கேக்க எட்டு மாசமா அத்தை? உங்களுக்கு நான் பாரமோன்னு நெனச்சுக்கிட்டு, வேலையக் காரணம் காட்டி உக்காந்திருந்தேன். வேற என்ன சொல்லி இங்க இருக்கறது நான்?"

இரண்டு பேரும் ஒரே கணக்கை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து தப்பாகப் போட்டிருக்கிறோம்.

"டிக்கெட்?" என்றேன்.

"வேண்டாம்னு அவன்கிட்டச் சொல்லிடறேன். எழுந்திருங்க, கால் மரத்துப்போகும்."

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் இரண்டு இடங்களுக்கு வேலை கேட்டு எழுதினாள். மேசை மேல் மறுபடி கம்பிகள்.

மத்தியானம் அவள் சமைத்ததைச் சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாய் வைத்ததும், "காய்ல உப்பு தூக்கல்" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"எட்டு மாசமா தூக்கலாத்தான் போடறேன் அத்தை, என்னிக்காவது சொல்வீங்களான்னு" என்றாள்.