கீழ ரோடு

நிலையம் 9, கவட்டை மலை. பூச்சி, வானிலைக் கண்காணிப்புப் பதிவேடு.
பதிபவர்: ப. இசக்கியம்மாள், கள அலுவலர்.

அக்டோபர் 14, 2079. காலை 6.10

வெப்பம் 14 டிகிரி. ஈரப்பதம் 88. காற்று மிதம். மேற்குப் பள்ளத்தில் ஈசல் புற்றுகள் பதினொன்று. நேற்று எட்டு. எதுவும் இன்னும் திறக்கவில்லை.

ரோடு இரண்டாகப் பிரியும் முக்கில் உள்ள ஒலிபெருக்கியைச் சோதித்தேன். மைக் சரி. பதிவு அறிவிப்புப் பொத்தான்கள் இரண்டும் சரி. ஒன்று "மேல ரோடு திறந்திருக்கிறது" என்று சொல்லும். மற்றது "கீழ ரோடு திறந்திருக்கிறது" என்று சொல்லும். முக்குக் கேமராவில் பாசி. துடைத்தேன்.

இதைப் பின்னால் எடுத்துப் படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் சீமையில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மேலத்தெரு, கீழத்தெரு எல்லாம் திசைக் கணக்குத்தான். மற்ற இடங்களில் மேற்கே மேடு, கிழக்கே பள்ளம் என்பதால் குழப்பம் வராது. இந்த மலைக்கு மட்டும் புத்தி தலைகீழ். இங்கே கிழக்குதான் உயரம். ஆகவே கீழ ரோடு ஏறும், மேல ரோடு இறங்கும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இது நடக்கப் பழகும்போதே தெரியும்.

அக்டோபர் 14. மாலை 4.30

புயல் தடம் மாறிவிட்டது. நாளை மறுநாள் மதியம் மலையைத் தொடும். அதற்கு முன்னால் காற்று சூடாகும். சூடானால் புற்று திறக்கும்.

இது பொரியோடு வறுத்துத் தின்ற அந்தக் கால ஈசல் இல்லை. டயர்க் குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று யாரோ வளர்த்துவிட்டார்கள். குப்பை தீர்ந்ததும் ஓடுகிற டயருக்கு வந்துவிட்டது. ரப்பர், கம்பி உறை, கதவிடுக்குப் பட்டை எல்லாம் அதற்குச் சாப்பாடு. கூட்டமாகக் கிளம்பினால் இறகுத் தூள் நுரையீரலை அடைக்கும். பத்து நிமிடம் போதும். பதினைந்து டிகிரிக்குக் குறைந்தால் பறக்காது என்பது மட்டும்தான் அதனிடம் உள்ள ஒரே நல்ல குணம்.

பயணக் கோரிக்கை ஒன்று வந்தது. கேரவன் ஒன்று, மூன்று பேர், குடும்ப உல்லாசம். முதலில் ஏரிக்கரைக்குப் போனார்கள். ஈசல் இரண்டு டயரைத் தின்றது. திட்டத்தை அருவிக்கு மாற்றினார்கள். வெள்ளம் அருவிச் சாலையை அறுத்தது. இப்போது மூன்றாவது திட்டம்: கவட்டை மலையைத் தாண்டி வீடு திரும்புவது. வழிகாட்டிச் செயலி ஊமையாகிவிட்டதாம். நிலையம் வழி சொல்ல வேண்டுமாம்.

பெயர்கள்: சுபத்ரா, ஓட்டுநர். நறுமுகை, அவள் மகள், வயது ஏழு. கோதண்டபாணி, சுபத்ராவின் அப்பா, ஓய்வுபெற்ற பேரிடர் அதிகாரி.

கடைசிப் பெயரை மூன்று முறை படித்தேன். அவரேதான்.

அக்டோபர் 15. காலை 9.20

வெப்பம் 18. புற்று பத்தொன்பது.

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன் இதே நிலையத்திலிருந்து மாவட்டத் தலைமைக்கு ஒரு செய்தி சொன்னேன். "கிழக்குச் சரிவில் மண் நகருது. கீழூரை உடனே காலி பண்ணுங்க." அங்கே அதைக் கேட்டுக்கொண்டவர் கோதண்டபாணி. மலையை வரைபடத்தில்கூட ஒழுங்காகப் பார்க்காத மனிதர். கீழூர் என்றால் கீழே இருக்கிற ஊர் என்று பள்ளத்து ஊரைக் காலி செய்தார். பள்ளத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது உச்சியில் இருந்த கீழூர் மண்ணுக்குள் போயிற்று. முப்பத்திரண்டு பேர். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர் மாசானம். காலையில் என்னிடம், மத்தியானத்துக்குக் கருவாடு வாங்கி வை என்று சொல்லிவிட்டுப் போனவர்.

விசாரணை அறிக்கையில் கோதண்டபாணி எழுதியது ஒரே வரி: "கள அலுவலரின் சொற்குழப்பமே காரணம்." அந்த வரியைப் படித்துவிட்டு மாசானத்தின் தங்கை என் முகத்தில் துப்பினாள். ஊர்க்காரர்களில் மிஞ்சியவர் யாரும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இன்று வயர்லெஸ்ஸில் அவர் குரல்: "ஸ்டேஷன் ஒன்பது, வணக்கம். கோதண்டபாணி பேசறேன். எங்க பிளான் மறுபடியும் மாறிடுச்சும்மா. உங்க மலையைத் தாண்ட எந்த ரோடு பாதுகாப்பு?"

என் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இறகுத் தூள் என் தொண்டையையும் விட்டுவைக்கவில்லை. நான் சொன்னேன்: "நாளைக்குக் காலைல முக்குக்கு வந்து கூப்பிடுங்க ஐயா. எந்த ரோடுன்னு அங்க வச்சுச் சொல்லுதேன்."

"ரொம்ப நன்றிம்மா" என்றார்.

அக்டோபர் 15. பிற்பகல் 1.15

வெப்பம் 20. மேற்குப் பள்ளத்தில் இரண்டு புற்று திறந்துவிட்டது.

கணக்கு எளிது. கீழ ரோடு உயரத்தில், குளிரில் போகிறது. உச்சியில் பழைய தேயிலை ஆலை இருக்கிறது, கல் கட்டடம். புயலையும் தாங்கும், ஈசலும் வராது. சரிய வேண்டியதெல்லாம் அன்றே சரிந்துவிட்டதால் அங்கே இப்போது வெறும் பாறைதான். புதைந்த கீழூரின் மேல்தான் அந்த ரோட்டைப் போட்டார்கள். மேல ரோடு நேராகப் புற்றுக் காட்டுக்குள் இறங்குகிறது.

ஆகவே நாளை நான் உண்மையைச் சொல்லப்போகிறேன். "கீழ ரோட்டில போங்க." எழுத்துப் பிசகாத உண்மை. அன்று கேட்ட அதே காதால் இன்றும் கேட்பார். கீழே இறங்குவார்.

விசாரணை வந்தால் வரட்டும். பதிவேட்டைக் காட்டுவேன். கீழ ரோடு என்றுதானே சொன்னேன். சொற்குழப்பம் என்று அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

ஏழு வருடத்தில் முதல் தடவையாக மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். மகளும் பேத்தியும் கூட இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். கீழூரிலும் மகள்களும் பேத்திகளும் இருந்தார்கள்.

அக்டோபர் 16. காலை 7.05

வெப்பம் 22. திறந்த புற்று ஒன்பது. நிலையத்துக்குள் ஈசல் வந்துவிட்டது. ஜன்னல் பட்டையைத் தின்று உள்ளே வந்திருக்கிறது. மாஸ்க் வடிகட்டி மூன்று மிச்சம்.

வயர்லெஸ்ஸில் அந்தக் குழந்தை. அம்மா வண்டி ஓட்டுகிறாள், தாத்தா வெளியே டயருக்கு வேப்பெண்ணெய் தடவுகிறார் என்று தானே மைக்கை எடுத்திருக்கிறது.

"ஸ்டேஷன் ஆன்ட்டி, எங்க சாம்பார்ல பூச்சி விழுந்துடுச்சு. தாத்தா அதை எடுத்துப் போட்டுட்டு சாப்பிட்டார்."

அம்மா ஓட்டும்போது தாத்தா எப்படி வெளியே நிற்பார் என்று கேட்டேன். "வண்டி நிக்குது ஆன்ட்டி. அம்மா சும்மா ஸ்டியரிங்ல உக்காந்திருக்கா" என்றாள். சிரித்துவிட்டேன். கோபம் வந்தது, சிரித்ததற்கு.

பிறகு கேட்டாள்: "உங்களுக்கும் பூச்சி வந்துடுச்சா?"

"வந்துட்டு."

"அப்ப உங்களை யாரு கூட்டிட்டுப் போவாங்க? எங்க வண்டியில ஒரு சீட் காலியாத்தான் இருக்கு. தாத்தா கிட்டச் சொல்லட்டுமா?"

வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டேன்.

அக்டோபர் 16. காலை 9.50

வெப்பம் 23. வடிகட்டி இரண்டு.

ஏழு வருடத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போக வரட்டுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு சுண்டைக்காய்ப் பிள்ளை கேட்கிறது.

தெளிவாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கிழக்கே ஏறுங்க, ஆலையில் தங்குங்க என்று. கிழவன் பிழைத்துப் போகட்டும். பிழைத்தால்தானே முகத்துக்கு நேராகக் கேட்க முடியும்.

வயர்லெஸ்ஸை எடுத்தேன். பேச்சு போகவில்லை. ஆன்டெனாக் கம்பியின் உறையைத் தின்று கம்பியை மொட்டையாக்கிவிட்டன. கையடக்க வயர்லெஸ் பெட்டியில் அவர்கள் பேசுவது கேட்கிறது. அதில் கேட்க மட்டும்தான் முடியும், நான் பேசுவது போகாது. முக்கு ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பி இரும்புக் குழாய்க்குள் இருப்பதால் பிழைத்தது, ஆனால் மைக் செத்துவிட்டது. இருப்பது இரண்டு பொத்தான்கள்.

நேற்றே சொல்லியிருக்கலாம். நேற்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 16. காலை 10.35

யோசித்தாகிவிட்டது. அவருக்குக் கீழ என்றால் பள்ளம், மேல என்றால் மேடு. அவரைக் காப்பாற்ற வேண்டுமானால் அவர் பாஷையில்தான் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் சாவார், பொய் சொன்னால் பிழைப்பார். "மேல ரோடு" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவர் மேலே ஏறிப் போவார்.

மாசானம், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்காகத்தான்.

அக்டோபர் 16. காலை 11.02

கேமராவில் கேரவன். முக்கில் நிற்கிறது. மூடுபனி, இரண்டு ரோடும் பத்தடிக்கு மேல் தெரியாது.

"ஸ்டேஷன், முக்குக்கு வந்துட்டோம். எந்தப் பக்கம்?"

பொத்தானை அழுத்தினேன். மேல ரோடு திறந்திருக்கிறது.

அவர்கள் மைக்கை அணைக்கவில்லை. எல்லாம் கேட்டது. கேட்டபடி எழுதுகிறேன்.

"மேல ரோடாம்ப்பா. ஏற்றத்துல திருப்பறேன்."

"இரும்மா. இந்தப் பக்கத்துல மேலன்னா மேற்கு. இறங்கணும்."

"நிச்சயமாத் தெரியுமாப்பா?"

"இதை நான் எப்படி மறப்பேன்? இதே மலைதான். இங்க இருந்த ஒரு அம்மா கீழூரைக் காலி பண்ணச் சொன்னாங்க. நான் பள்ளத்து ஊரைக் காலி பண்ணினேன். மறுவாரமே எனக்குப் புரிஞ்சுபோச்சு, அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்கன்னு. ஆனா பென்ஷன், பேரு, எல்லாம் இருந்துச்சே. அவங்க மேலதான் எழுதிக் கொடுத்தேன். இன்னிக்காவது இந்த ஊர்ப் பேச்சை இந்த ஊர் அர்த்தத்துல கேக்கறேன். இறக்கத்துல விடும்மா."

கேரவன் திரும்பியது. மேற்கே. பள்ளத்துக்கு.

அக்டோபர் 16. காலை 11.09

வடிகட்டி கடைசி. இருமல். எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாமல் செய்தார் என்றுதான் ஏழு வருடமும் நினைத்தேன். முட்டாள் என்றுதான் வெறுத்தேன். முட்டாள் இல்லை. மறுவாரமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அந்த வரியை எழுதியிருக்கிறார். மாசானத்தின் தங்கை துப்பியபோது அவருக்குத் தெரியும். நான் இந்த நிலையத்தில் ஒற்றையாக உட்கார்ந்து புற்று எண்ணிய ஒவ்வொரு காலையும் அவருக்குத் தெரியும்.

கீழ ரோடு பொத்தான் என் வலது கைப் பக்கம் இருந்தது. ஒரு சாண் தூரம். ஒலிபெருக்கி அரைக் கிலோமீட்டர் கேட்கும். அந்தச் சரிவில் கேரவன் அரைக் கிலோமீட்டர் இறங்க நாலு நிமிடம் ஆகும். அழுத்தியிருந்தால் நின்றிருப்பார்கள். திரும்பியிருப்பார்கள்.

பின்விளக்கு பனிக்குள் மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளை ஏதோ பாடிக்கொண்டே போனது. கேட்டது.

ஐந்தாவது நிமிடம் அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். கீழ ரோடு திறந்திருக்கிறது. கீழ ரோடு திறந்திருக்கிறது. வெறும் முக்கில் அது கத்திக்கொண்டிருந்தது.

அக்டோபர் 16. காலை 11.31

வெப்பம் 25. மேற்குப் பள்ளத்தில் எல்லாப் புற்றும் திறந்துவிட்டது. கேமராவில் அந்தப் பக்கம் கறுப்பு.

கையடக்கப் பெட்டியில் இரைச்சல் மட்டும். அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பேச்சு போகாது என்று தெரிந்தும் கூப்பிட்டேன்.

இதை எடுத்துப் படிப்பவர்கள் விசாரணை எழுதுவீர்கள். உங்களுக்கு வேலை வைக்காமல் நானே நிரப்பிவிடுகிறேன்.

ஒலிபெருக்கி: பழுதில்லை.
பொத்தான்கள்: இரண்டும் பழுதில்லை.
கள அலுவலரின் வலது கை: பழுதில்லை.
தாமதம்: நாலு நிமிடம்.
காரணம்: சொற்குழப்பம் அல்ல.