கூடுமிடம் எந்தப் பக்கம்?

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதும்போது என் காலடியில் ஒற்றை பூட்ஸ் ஒன்று கிடக்கிறது. ஐந்து வருஷத்துச் சேற்று நாற்றம் வீடு முழுக்க அடிக்கிறது. என் மனைவி மூன்று ஊதுபத்தி ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு அது வெளிய போவணும், இல்ல நீங்க போவணும்" என்று சொல்லிவிட்டாள். நான் இன்னும் முடிவு பண்ணவில்லை.

நேற்றுக் காலை ராமலிங்கம் போன் பண்ணினார். எந்த ராமலிங்கம் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். வருஷத்துக்கு ஒரு சாண் என்று தன் வரப்பை உங்கள் குத்தகை நிலத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்த அதே ராமலிங்கம்தான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "சார், ஒங்க பூட்ஸு கெடச்சிருச்சு. இந்தத் தடவ ஆழமா ஓட்டுனோம். அதுல இருக்குற இரும்பு பட்டு டிராக்டரு கத்தி ஒண்ணு போயிருச்சு. வந்து என்னான்னு பாருங்க" என்றார். அந்த மனிதர் சாகிற வரைக்கும் யாரிடமாவது நஷ்ட ஈடு கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

உங்கள் ஊருக்கு நான் வந்ததே ஒரு கூத்து அக்கா. வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்ட ஒரு கம்பெனி வந்தது. வரவே கூடாது என்றது பாதி ஊர். வந்துதான் தொலையுது, வேலையாவது கொடுக்கட்டும் என்றது மீதி ஊர். கடைசியில் கம்பெனியும் ஊராட்சியும் சேர்ந்து ஒரு உடன்பாடு போட்டன. உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேறியவர்களுக்கு அங்கேயே வேலை. "வாயால சொன்னா காத்தோட போயிடும், எழுதிக் குடுங்க" என்று கூட்டத்தில் எழுந்து நின்று எழுதி வாங்கியது நீங்கள்தானாம். பயிற்சி கொடுக்க அனுப்பப்பட்டவன் நான். பாபநாசத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகன். நெல் வயலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்தவன். ஆனால் தொண்டை மட்டும் பெரிது.

முதல் நாள் பதினெட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். எல்லாரிலும் மூத்தவர் நீங்கள். ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் எதற்கு அக்கா என்று நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் கேட்டேன்.

"நாப்பது வருஷமா குனிஞ்சே சம்பாரிச்சிட்டேன் சார். நடவு குனிஞ்சு, களை குனிஞ்சு, அறுப்பு குனிஞ்சு. சாவறதுக்குள்ள கொஞ்ச நாளாவது நிமிந்து நின்னு சம்பாரிக்கணும். கேட்டுல லாரிக்குக் கொடி புடிச்சு நிக்கிற வேல இருக்குன்னு சொன்னாங்களே, அதுக்குத்தான் வந்திருக்கேன்."

வகுப்பே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. எனக்கும் அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தொங்கும் காற்றுப்பையைக் காட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஓடினால் கேஸ் உங்களைத் துரத்தாது என்று பாடம் எடுத்தேன். "நம்ம மாதா கோயில் சாமியார் அங்கியில ஒரு கை மட்டும் கிழிஞ்சு பறக்குற மாதிரி இருக்கு" என்றீர்கள். அன்று முதல் அதற்குச் 'சட்டைக்கை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நானே ஒரு அறிக்கையில் அப்படி எழுதி அடித்துத் திருத்தினேன்.

வந்தது வினை. தேர்வில் முக்கியமான கட்டம், அபாயச் சங்கு ஊதியதும் எல்லாரும் ஐந்து நிமிஷத்துக்குள் 'கூடுமிடம்' என்ற பச்சைப் பலகைக்குப் போய்ச் சேருவது. அந்தப் பலகையைச் சித்திரையில் யாரோ வரைபடத்தைப் பார்த்துத் தென்மேற்கு மூலையில் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அப்போது இடையில் இருந்தது காய்ந்த தரை. நாங்கள் ஒத்திகை பார்த்தபோது ஐப்பசி பிறந்திருந்தது. அது ராமலிங்கத்தின் வயல், தண்ணீர் கட்டி, நட்டு மூன்றே நாள்.

சங்கு ஊதினேன். பதினெட்டுப் பேரும் எழுந்தீர்கள். வரப்பில் ஏறினீர்கள். ஒருவர் பின் ஒருவராக, நீங்கள் முன்னால், வயலைச் சுற்றிக்கொண்டு, கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி பேசிக்கொண்டே வந்து சேர்ந்தீர்கள். ஏழு நிமிஷம்.

"ஏங்க்கா, கேஸ் கசிஞ்சா இப்படித்தான் ஊர்கோலம் போவீங்களா? குறுக்கால ஓடுங்க!" என்று கத்தினேன்.

"நட்ட பயிர்லயா?" என்று கேட்டீர்கள், ஏதோ நான் கோயிலுக்குள் செருப்போடு போகச் சொன்ன மாதிரி.

"அது ராமலிங்கம் வயலுதானே? உங்களுக்கும் அவருக்கும்தான் ஆகவே ஆகாதே!"

"அவன் தலையில மண்ணள்ளிப் போடுவேன் சார், வாயார வைவேன். ஆனா அவன் நாத்து மேல கால் வெக்க மாட்டேன். வயலுதான் அவனுது. நட்டது நாங்க." அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தின வாரம் வகுப்பில் பாதிப் பேர் 'வயிற்று வலி' என்று லீவு எடுத்தது எதற்கென்று.

வேடிக்கை பார்க்க வந்த ராமலிங்கமோ, "நல்லா மிதிக்கட்டும் சார், எனக்கு ஆட்சேபண இல்ல, கம்பெனி நஷ்ட ஈடு குடுத்துட்டா சரி" என்று மலர்ந்த முகத்தோடு அனுமதி கொடுத்தார். நீங்கள் அவர் பக்கம் திரும்பிச் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இதோ பார், ஓடுவது எப்படி என்று நான் காட்டுகிறேன் என்று ஸ்டாப் வாட்சை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, பயிர் இல்லாத ஓரமாகப் பார்த்து வயலில் குதித்தேன். நாலாவது அடியில் முழங்கால் வரை உள்ளே போயிற்று. ஆறாவது அடியில் வலது கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. அதைத் தேடக் குனிந்தவன் குப்புற விழுந்தேன். பதினெட்டுப் பேர் வரப்பில் நின்று சிரித்த சிரிப்பு குடவாசல் வரை கேட்டிருக்கும். என்னைத் தூக்கிவிடத் துண்டை நீட்டியதும் நீங்கள்தான், வாட்சை என் கண்ணெதிரே நீட்டியதும் நீங்கள்தான்.

"சேத்துல ஓடி நீங்க ஒம்போது நிமிஷம். வரப்புல நடந்து நாங்க ஏழு. இப்ப யாருக்கு சார் ட்ரெய்னிங் வேணும்?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மற்றவர்கள் போன பிறகு தனியாக வந்து, தணிந்த குரலில் இன்னொன்றும் சொன்னீர்கள். "சார், அந்தப் பலகைய யோசிச்சுத்தான் நட்டாங்களா? கோடையில மேலக்காத்து, அப்ப அது சரி. இன்னும் பத்து நாள்ல வாடக்காத்து வந்துடும். அப்பறம் கேஸ் வந்தா நேரா அந்தப் பலகைக்குத்தானே போவும்? நீங்கதானே சட்டைக்கையப் பாக்கச் சொன்னீங்க?"

"ட்ராயிங்ல அப்படித்தான் இருக்கு, போங்கக்கா" என்றேன். உடம்பெல்லாம் சேறு, ஒரு காலில் பூட்ஸ் இல்லை. அப்போதும் எனக்குத் திமிர் குறையவில்லை.

தேர்வு நாளும் வந்தது. தேறாவிட்டால் பதினெட்டுப் பேருக்கும் வேலை இல்லை, உங்களுக்குக் கொடி இல்லை, எனக்கு அடுத்த ஒப்பந்தம் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வந்திறங்கினார். நானும் அவரும் முன்கூட்டியே பச்சைப் பலகை அடியில் போய் நின்றுகொண்டோம். பேட்ச் தலைவி என்று கையில் பிடிக்கும் மைக் உங்களிடம் இருந்தது. சங்கு ஊதியது. நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். நிமிர்ந்து மேலே ஒரு பார்வை பார்த்தீர்கள். அப்புறம் பதினேழு பேரையும் கூட்டிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, நேர் எதிர்ப்பக்கம் ரோட்டோர மதகை நோக்கி நடையைக் கட்டினீர்கள்.

"என்னங்க இது? ஓடுறாங்க?" என்றார் அதிகாரி. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மதகுக் கட்டையிலிருந்து மைக் கரகரத்தது. ஊரே கேட்டது.

"சார்! நாங்க பதினெட்டுப் பேரும் உசுரோட இருக்கோம்! நீங்க ரெண்டு பேரும் செத்துட்டீங்க!"

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். நானும் பார்த்தேன். கம்பத்து உச்சியில் சட்டைக்கை விறைப்பாக நின்று எங்கள் இருவர் மூஞ்சியையும் நேராகக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் பலகையையும் சட்டைக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பலகை தப்பு, பசங்க ரைட்டு. பலகைய விட்டுட்டுக் காத்தப் பாத்துப் போகச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன்.

இதைச் சொல்லத்தான் அக்கா இந்த மடல். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

எல்லாரும் தேறினீர்கள். மதகருகே இரண்டாவது பலகை வந்தது. காற்றுக்கு ஒன்றாக இரண்டு கூடுமிடம் என்பது கம்பெனியின் மற்ற இடங்களுக்கும் போயிற்று, என் பெயரோடு. அதை வைத்தே எனக்குப் பெரிய பதவி, பெரிய நாற்காலி. உங்களுக்கும் விஷயம் தெரிந்துதான் இருந்தது. ஒரு நாள் கேட்டில் கொடியோடு நின்றபோது நானே தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். "போவுது வுடுங்க சார். ஒங்களுக்குப் பேரு வந்துச்சு, எனக்கு முதுகு நிமிந்துச்சு" என்று சொல்லி லாரிக்கு வழிவிடப் போய்விட்டீர்கள். அப்பாடா என்று நானும் வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருஷம் நிமிர்ந்து நின்றீர்கள். பிறகு கிணற்றை மூடினார்கள், கம்பெனி போயிற்று, கொடியும் போயிற்று. போன கார்த்திகையில் நீங்களும் போய்விட்டீர்கள். நான் வெளியூரில் இருந்தேன், வர முடியவில்லை. நம் பேட்ச் ஆட்கள் போனில் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு ராமலிங்கத்தின் வயல் வழியாகத்தான் குறுக்கு வழி. "போனா போவுது, ஒரு போகந்தானே, குறுக்கால தூக்கிட்டுப் போங்க" என்று அவரே அழுதாராம், நஷ்ட ஈடு பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். நம் ஆட்கள் கேட்கவில்லை. வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டுதான் உங்களைத் தூக்கிப் போனார்களாம்.

நேற்றுப் போய் பூட்ஸை வாங்கிக்கொண்டேன். கல்லறைத் தோட்டத்துக்கு ராமலிங்கமும் கூடவே வந்தார். உழுது போட்ட வயல், ஒரு நாற்று கிடையாது. நேரே நடந்திருக்கலாம். இரண்டு பேரும் வரப்பில் ஏறிச் சுற்றித்தான் போனோம். உங்கள் கல்லறையின் முன்னால் நின்று, கையில் அந்த நாற்றம் பிடித்த பூட்ஸோடு, அன்று அதிகாரியிடம் சொன்னது பொய் என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

பின்னால் நின்ற ராமலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"என்ன சார் இது? அந்தப் பொம்பள என்னைய ஊர் பூரா வஞ்சா. நான் வருஷத்துக்கு ஒரு சாண்தான் சார் தள்ளுனேன். நீங்க மொத்த வயலையும்ல எடுத்துக்கிட்டீங்க?"

திரும்பி வரும்போது, டிராக்டர் கத்திக்கு என்ன வழி என்று கேட்டார்.

திங்கட்கிழமை எனக்குப் புது பேட்ச் அக்கா, முப்பது பேர். இத்தனை நாளும் முதல் வகுப்பில் இரண்டு பலகை யோசனை எனக்கு எப்படி உதித்தது என்று ஒரு கதை சொல்லுவேன், நன்றாகக் கை தட்டுவார்கள். இந்தத் தடவை ஒற்றை பூட்ஸை மேஜை மேல் வைத்து, நான் செத்துப்போன கதையைச் சொல்லப்போகிறேன். சாகடித்தது யார் என்று உங்கள் முழுப்பெயரையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடம்.