பிள்ளை பெயர் தெரியாமல் வந்தவர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? என் மகன் பிசிம்வா உங்களைத் தூங்க விடுகிறானா? புகாவு நகரில் நான் நன்றாக இருக்கிறேன். போனை ஒட்டுக்கேட்கிறார்கள், அதனால்தான் ஏரி கடந்து வரும் நம் படகுக்காரரிடம் கடிதம்.

வேறு யாராவது சொல்லி நீங்கள் பதறுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை துப்பாக்கியோடு சிலர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு மபென்டோ அம்மாவும் நானும் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"நபிந்து வீடு எது? நாங்க ஊர்களைக் கொளுத்தினோம்னு அறிக்கை எழுதுறாளே, அவ!"

மபென்டோ அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நபிந்துவா? அப்படி யாரும் இங்க இல்லையே. மூத்த புள்ள பேரைச் சொல்லுங்க. புள்ள பேர் தெரியாம வந்தா எந்தப் பொம்பளைன்னு காட்டுறது?"

அது அவர்களுக்குத் தெரியவில்லை. திட்டிக்கொண்டே போனார்கள். அவள் சாமர்த்தியத்தை மெச்ச நான் வாயெடுத்தேன். அதற்குள் அவள், "ஏன் பிசிம்வா அம்மா, யாரு அந்த நபிந்து? உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். இத்தனை வருஷப் பழக்கம், என் பெயரே அவளுக்குத் தெரியவில்லை, அப்பா!

வேலையை நான் நிறுத்தவில்லை. வீடிழந்த பெண்கள் வந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களே பயப்படாதபோது எழுதுகிற எனக்கென்ன?

அடுத்த படகில் பீன்ஸும் அன்னாசியும் அனுப்புங்கள். மூட்டையில் என் பெயரைப் போடாதீர்கள். வீட்டில் மட்டும் ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிடுங்கள். இங்கே அதைச் சொல்ல ஆளில்லை. படகுக்காரர் அவசரப்படுத்துகிறார்.

உங்கள் மகள்,
பிசிம்வா அம்மா