வேலிக்குத் தூக்கிய கை

செஞ்சி
12-11-1965

சிரஞ்சீவி ஜினதாஸுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பகவான் அருளால் இங்கே நாங்களும் மாடு கன்றும் சுகம். டில்லிக் குளிரில் நீயும் சுகம் என்று எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இந்த எல்லைச் சண்டையெல்லாம் மேலே இருப்பவர்கள் மூட்டுவது, ஜனங்கள் பாவம் என்று எழுதியிருந்தாய். இங்கே நடந்ததைக் கேள். நம் ஊருக்கும், உன் தங்கை விஜயாவைக் கொடுக்கப்போகும் பக்கத்து ஊருக்கும் நடுவில் இருக்கிற புளியந்தோப்பில் இத்தனை காலம் இரண்டு ஊரும்தான் புளி உலுக்கியது. போன வாரம் ஊர்க்கூட்டத்தில் நாட்டாமை வாசுபூஜ்யன் மாமா எழுந்து, தோப்பு நம்முது, நாளைக்கே வேலி போட்டுடலாம், இன்னா சொல்றீங்க என்றாராம். பொழுது சாயும் நேரம். நம் ஜைன வழக்கப்படி இருட்டிவிட்டால் வாயில் பருக்கை படக்கூடாது, எவனாவது ஒரு கேள்வி கேட்டால் ஊரே பட்டினி. போதாததற்கு நானும் மற்றப் பெண்களும் சோறு ஆறுது, சீக்கிரம் வாங்க என்று ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தோம். மொத்தக் கூட்டமும் கையைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தது. உன் நைனா என்ன முடிவு என்றுகூடச் சொல்லவில்லை, ரசம் ஊத்து என்றார்.

மறுநாள் கருவேல முள்ளால் வேலி ஏறியது. உடனே சம்பந்தி வீட்டிலிருந்து, வேலி இருக்கிற வரைக்கும் கல்யாணம் இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். முகூர்த்தப் புடவைகூட எடுத்தாகிவிட்டது. விஜயா அழுது அழுது முகமே வீங்கிப்போனாள். உன் நைனாவைக் கேட்டால், நான் இன்னா செய்ய, எல்லாம் நாட்டாமை முடிவு என்கிறார். நாட்டாமையைக் கேட்டால், ஊரே கை தூக்குச்சே, நான் தனியாளா என்கிறார். அதனால் நேற்றுக் காலை, எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கும்போது கூட்டம் போட வைத்தேன். பெண்ணைப் பெற்றவள் என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. வேலி வேணும்னு நெசமா நெனைச்சவங்க கை தூக்குங்க என்றேன். ஒரு கைகூட எழவில்லை, நாட்டாமை கையும் எழவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேச்சுக்குச் சொன்னேன்மா, யாராச்சும் வாணாம்னு சொல்வீங்கன்னு பார்த்தேன், ஒருத்தரும் வாயத் திறக்கலையே என்றார்.

அப்படியே எல்லாரையும் தோப்புக்கு ஓட்டிவிட்டேன். தூக்கின கையாலேயே முள்ளைப் பிடுங்கினார்கள். சம்பந்தி வந்து பார்த்து, சிரித்துவிட்டுப் போனார். தை மாதம் கல்யாணம் உறுதி. உன் நைனாவுக்கு உள்ளங்கையெல்லாம் முள். ஊசி வைத்து நான்தான் எடுத்தேன், கொஞ்சம் அழுத்தியே எடுத்தேன்.

லீவுக்கு இப்போதே எழுதிப் போடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. அங்கே ஏதாவது கூட்டம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போ, வேண்டாம் என்று சொல்லத் தெம்பு வேண்டுமே. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு, கண்ணு.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
அனந்தமதி