வைதாகா நகர்த்திய எல்லை

வங்குயியின் அப்பாவுக்கு, கதோனி எழுதுவது.

நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் உங்களை அடைத்துவைத்திருக்கும் முகாமுக்கு மாவு மூட்டை ஏற்றிவரும் லாரிக்காரர் கையில் வருகிறது. வெள்ளை அதிகாரி பிரித்துப் படிக்கமாட்டார். அதனால் இந்த முறை எல்லோரும் சௌக்கியம் என்று பொய் எழுத வேண்டியதில்லை. படித்ததும் எரித்துவிடுங்கள்.

ஊரைச் சுற்றி அகழி தோண்டும் வேலை இன்னும் முடியவில்லை. வயலுக்குப் போய்வரக் காவல்படை ஒரு மணிநேரம்தான் தருகிறது. போக அரைமணி, வர அரைமணி. களை எப்போது எடுப்பது என்று கேட்டதற்கு, நடந்துகொண்டே எடு என்றான் ஒருத்தன். வங்குயிக்கு இருமல் விட்டபாடில்லை.

இப்போது நிலம் அளக்க வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பத்திரம் தருவார்களாம். அது வந்துவிட்டால் பிறகு யாரிடமும் முறையிட முடியாது. உங்களோடு ஒரே நாளில் சுன்னத்து செய்துகொண்டு உடன்பிறப்புப் போல ஆனானே வைதாகா, இப்போது காவல்படைத் தலைவன், அவன் நாம் எல்லைக்கு நட்ட லில்லிக் கிழங்குகளைத் தோண்டி, நம் பக்கம் முப்பது அடி தள்ளி நட்டுவிட்டான். நம் வயலில் இருந்த ஊற்றும் அவனுக்குப் போய்விட்டது. எல்லை லில்லியைத் தொட்டவன் குடும்பம் விளங்காது என்று பயந்து வளர்ந்தோமே, அவன் வீட்டுக்குத் தகரக் கூரையே வந்துவிட்டது.

அளவைக் குழுவிடம் போனேன். லில்லி நட்ட அன்று பெரியவர்கள் முன்னால் கிழங்குக் கூடையைச் சுமந்து நின்றவள் நான் என்றேன். வைதாகா சிரித்தான். "கூடை சுமந்தா சாட்சி ஆயிருமா அண்ணி? நட்ட ஆம்பளை வந்து சொல்லட்டும், நானே புடுங்கிப் போடுறேன்" என்றான். அன்று இருந்த பெரியவர்கள் மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நீங்கள்தான். அடுத்த மாதக் கடைசியில் குழு முடிவு சொல்கிறது.

நீங்களோ அங்கே கல்லாக உட்கார்ந்திருக்கிறீர்கள். விடுதலையாகி வந்தவர் ஒருவர் எல்லாம் சொன்னார். வெள்ளைக்காரனை எதிர்த்துச் சத்தியம் எடுத்ததை ஒப்புக்கொண்டீர்களாம். அந்தச் சத்தியத்தைச் செய்துவைத்தது யார் என்று கேட்டால் மட்டும் பேசுவதில்லையாம். அதற்காக முட்டியை உடைத்தார்களாம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரைக் காப்பாற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆட்டிறைச்சியை ஏழு முறை உங்கள் வாயருகே பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

யோசித்துப் பார்த்துவிட்டேன். அகழி வெட்டத் தொடங்கியபிறகு, காட்டில் இருந்து சண்டை போடுபவர்களுக்கு என்னால் ஒரு பிடி சோளம் கொண்டுபோக முடியவில்லை. குழுவிலும் என் பேச்சு எடுபடவில்லை. வெளியே இருந்து நான் யாருக்கு உபயோகம்? உங்கள் பேச்சு எடுபடும். மற்றவர்கள் பெயர் வேண்டாம். என் பெயரை மட்டும் சொல்லி, விடுதலை வாங்கிக்கொண்டு வந்து வயலில் நில்லுங்கள்.

வங்குயியை என் அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். உங்கள் முகம் அவளுக்கு மறந்திருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னைப் பிடிக்க வரும்போது எடுத்துக்கொண்டு போக, நான் கம்பளியை மடித்து வைத்துவிட்டேன்.

கடவுள் உங்கள் வாயைத் திறக்கட்டும்.

உங்கள் மனைவி,
கதோனி