பின்சுவர் ஓரத்து மண்

அன்புள்ள தம்பிக்கு,

பின்சுவர் ஓரமாக மண்ணைக் குவிக்கச் சொன்னது நீ. நாங்கள் இங்கே நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் மருமகளும் பேத்தி வாண்டும் அங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை, ஆனால் அந்த முதல் வரியை எழுதாமல் வேறு எதையும் எழுத என் கை போகவில்லை. ஃபோனில் இதைப் பேசாதே, பதிவாகிவிடும் என்று வக்கீல் சொன்னதாகச் சொன்னாய். சரி, பேசவில்லை. எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருநூற்றைத் தாண்டி நிற்கிறது, மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் போடுகிறார். முன்னறையில் அணைத்து வைத்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அக்கா இரண்டு நாள் வந்திருந்தாள், ஃப்ரிட்ஜைத் துடைத்தாள், அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டாள், போய்விட்டாள். சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. நேற்றுச் சமையலில் உப்புப் போட மறந்துவிட்டேன், அப்பாவும் அப்படியே சாப்பிட்டார், தட்டைக் கழுவும்போதுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்ற உடம்பு, தலை நின்றுபோனாலும் கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது.

நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, அதனால் நான் நினைவு வைத்திருப்பதை வரிசையாக எழுதுகிறேன். வாண்டு லீவுக்கு வரும்போது தோட்டத்தில் டிராம்போலின் இருக்க வேண்டும், அதுவும் காலில் நிற்கிற மாதிரி வேண்டாம், விழுந்தால் அடிபடும், மண்ணுக்குள் இறக்கித் தரையோடு தரையாக வை என்றாய். பிள்ளைக்கு அடிபடக்கூடாது என்றுதான் ஆரம்பித்தோம். படம் அனுப்பினாய், பன்னிரண்டடி அகலம், மூன்றடி ஆழம், மண் சரியாமல் சுற்றிலும் உள்சுவர், தண்ணீர் இறங்க அடியில் உடைகல். மண்வேலைக்கு நெட்டை வந்தார், உனக்குத் தெரியும், நம் தண்ணீர்த் தொட்டிக் குழியை வெட்டியவர். குழிக்குள் நின்றால் அவருக்கு இடுப்பளவு, வேறு ஆளுக்கு வயிற்றளவு. பாதிதான் வெட்டியிருந்தார், மண் அதற்குள் வண்டி வண்டியாகக் கிடந்தது. இவ்வளவு சின்னக் குழியில் இவ்வளவு மண்ணா என்று அப்பா கேட்டார். "வெட்டுன மண்ணு உப்பும் சார், எடுத்த குழியிலயே திருப்பிப் போட்டாலும் கொள்ளாது" என்றார் நெட்டை. அன்று மத்தியானம் நீ ஃபோன் செய்தாய், அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் குழி விளிம்பில் வைத்தார். "தம்பி, நாலு லாரி மண்ணு வரும், வெளிய எடுத்துரலாம், பின்சுவரு ஒத்தச் செங்கல்லு, சாய்ச்சு வச்சா தாங்காது" என்று நெட்டை சொன்னார். லாரி உள்ளே வந்தால் புதிதாகப் பதித்த வாசல் டைல்ஸ் எல்லாம் நொறுங்கிவிடும் என்றாய். "மழை பேஞ்சா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். "மழை உங்ககிட்டச் சொல்லிட்டா வரும்? ஒரு வாரம்தானே அண்ணே, சுவத்தோரமா தள்ளுங்க, நான் சொல்றேன்" என்றாய். அவர் அப்பாவைப் பார்த்தார். "அவன்தான் எல்லாம் பாக்குறான், அவன் சொல்றபடி செய்யி" என்றார் அப்பா. நான் தோட்டக் குழாயில் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது, நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் அதே சுவரில் சாய்த்துக் கட்டிய அறையில் தையல்காரி இருக்கிறாள் என்று நம் மூன்று பேரில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை, நெட்டைக்கு மட்டும்தான் தோன்றியது, "அந்தாண்ட ஆளுங்க குடியிருக்காங்கம்மா" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். தெரியும் என்றேன்.

உனக்கும் தெரியும். நீ முதல் வேலைக்கு இன்டர்வியூ போன காலையில் பேண்ட் நீளம் என்று குதித்தாயே, அரை மணி நேரத்தில் மடித்துத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். இருபது வருஷமாக அவளைச் 'சுவத்துக்குப் பின்னாடி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவள் மகளுக்கு எப்போது பார்த்தாலும் பட்டன் தைக்கிற வேலை, அதனால் தெரு முழுக்கப் பட்டன் என்றே கூப்பிடும், வாண்டைவிட ஒரு வயது மூத்தவள். டிராம்போலின் மாட்டி முடித்த அன்று யாராவது மிதித்துப் பார்க்க வேண்டும் என்றார் நெட்டை, அப்பாவுக்கு முழங்கால், எனக்கு இடுப்பு, நெட்டை ஏறினால் வலையே கிழியும். தைத்த சட்டையைக் கொடுக்கப் பட்டன் வந்திருந்தாள். ஏறிக் குதித்தாள். "நல்லா எக்கிக் குதி பாப்பா, நேரா அம்மாவோட புள்ள இருக்கிற ஊருக்கே போய் விழலாம்" என்றார் நெட்டை. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். இதுவரை அதில் குதித்தது அவள் ஒருத்திதான்.

ஒரு வாரம் என்றாய், பத்தொன்பது நாள் மண் அங்கேயே கிடந்தது. இரண்டு முறை உன்னிடம் கேட்டேன், லீவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாய். ஞாயிற்றுக்கிழமையோடு மூன்று நாள் மழை. அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், சத்தம்கூடப் பெரிதாக இல்லை, மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சுவர் இல்லை. அவர்கள் அறைக்குள் நம் மண் கிடந்தது. பட்டன் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறாள், இடுப்புக்குக் கீழே செங்கல். நானும் தையல்காரியும் கையால் வாரினோம். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. தையல்காரியின் மர ஸ்கேலை வைத்து, வெட்டிப் போட்டிருந்த பள்ளிச் சீருடைத் துணியால் கட்டினேன். அந்தப் பிள்ளை அழவில்லை, துணியைக் கிழிக்காதீங்க, அது வேற ஒருத்தரோடது என்றாள். இப்போது காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாள் என்கிறார் டாக்டர். எப்படி நடப்பாள் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

மறுநாள் நீ அனுப்பிய வக்கீல் வந்தார், ஷூவைக் கழற்றவில்லை. அந்த அறையே ஆக்கிரமிப்பு, அங்கே ஆள் இருந்ததே தப்பு என்றார். மண்வேலைக்காரர் யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு மண்ணைக் குவித்தார் என்று தட்டச்சு செய்த தாளை அப்பாவிடம் நீட்டினார். நீ ஃபோனில், "அப்பா, ஒரு கையெழுத்துதானே, மத்தத அவர் பாத்துப்பார்" என்றாய். அப்பா போட்டுவிட்டார். சாயங்காலமே போலீஸ்காரர்கள் நெட்டையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றைக்குப் பதினோரு நாளாக உள்ளே இருக்கிறார். சாட்சி என்று போட்டு என் பெயருக்கும் ஒரு கோடு விட்டிருந்தார் வக்கீல், நான் கண்ணாடியைக் காணோம் என்றேன், கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது. படித்த மனிதர், பார்க்காத மாதிரி போனார்.

விசாரணை இருபதாம் தேதி. நான் போய், கேட்டதைக் கேட்டபடி சொல்லப் போகிறேன், டம்ளர் கழுவிக்கொண்டு சும்மா இருந்ததையும் சேர்த்து. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டபோது இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே சொன்னார், "வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கும்மா, உங்க வார்த்தை எங்க நிக்கும்?" என்று. உன் எழுத்து வந்தால் நிற்கும். இதோடு ஒரு வெள்ளைத் தாளும் காவல் நிலைய முகவரி எழுதிய உறையும் வைத்திருக்கிறேன். மண்ணை அங்கே தள்ளச் சொன்னது நான், அவர் வேண்டாம் என்று சொன்னார், இவ்வளவுதான். மூன்று வரிகூட வராது. வேலைக்கு என்ன ஆகும், விசாவுக்கு என்ன ஆகும் என்று நீ யோசிப்பாய், யோசி, நெட்டைக்கு என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் யோசி.

சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. சமையலறை ஜன்னலில் நின்றால் தையல்காரியின் மிஷின் தெரிகிறது, சக்கரம் வளைந்துவிட்டது, கையால் சுற்றித் தைக்கிறாள். நிமிர்ந்து பார்ப்பதில்லை. டிராம்போலினுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடுவில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வாண்டுக்குக் காது வலி என்றாயே, குளிர்ந்த காற்றில் தலையை மூடாமல் விடாதே. மருமகளுக்கு என் அன்பு. நீ நன்றாக இரு, தம்பி, நீண்ட நாள் இரு, தலைநிமிர்ந்து இரு. உறையில் தபால்தலை ஒட்ட மறந்துவிடாதே.

உன் அம்மா

இதை ஒட்டப் போகும்போது நெட்டையின் மனைவி வந்து கேட் ஓரம் நிற்கிறாள். தினமும் இந்த நேரத்துக்கு வருகிறாள், உள்ளே கூப்பிட்டால் வருவதில்லை. "தம்பிகிட்டயிருந்து ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்று கேட்பாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? எழுது.